ஜெபக் குறிப்பு எண் பதினான்கு

என் மகள் எஸ்தர் மோட்டாரை நிறுத்தினாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கேட்டைத் தள்ளித் திறந்து, செருப்போடு என் முன்னால் வந்து நின்றாள். நான் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மடியில் தட்டு வைத்துப் பப்பாளி அறுத்துக்கொண்டிருந்தேன்.

"இன்டர்வியூ எப்படிமா?" என்றேன்.

மூச்சு மட்டும் வந்தது. ஹெல்மெட் கண்ணாடியில் ஆவி படிந்து அவள் முகம் மறைந்தது, தெளிந்தது, மறுபடி மறைந்தது. கண்ணாடி வழியாகவே அவள் கோபம் தெரிந்தது. அறுத்த பப்பாளித் துண்டு ஒன்றை நீட்டினேன். வாங்கவில்லை.

கடைசியில் கண்ணாடியை மேலே தள்ளினாள்.

"அப்பா, நான் காலையில எத்தன மணிக்கு எழும்புறேன்னு யார் யார்கிட்ட சொன்னீங்க?"

"நான் யார்கிட்டமா சொன்னேன்? ஆண்டவர்கிட்டதான் சொன்னேன்."

"அவரு ஃபார்வர்ட் பண்ணிட்டாரு."

சொல்லிவிட்டு, ஹெல்மெட்டோடு உள்ளே போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

இதை எழுதுவதற்கு அவளிடம் அனுமதி வாங்கிவிட்டேன். முழுவதையும் படித்துப் பார்த்து இரண்டு பத்திகளை அடித்தாள். மீதி இருப்பதுதான் உங்கள் கையில் இருக்கிறது.

மூணு தட்டு

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்ல வேண்டுமானால், கோலசிலாங்கூர்ப் பக்கம் நான் பிறந்த எஸ்டேட்டுக்குக் கொஞ்சம் போய் வர வேண்டும். அந்த எஸ்டேட் இப்போது இல்லை. தொழிலாளிகளின் லயம் இருந்த இடத்தில் இரட்டை மாடி வீடுகள் நிற்கின்றன.

எங்கள் காலத்தில் வேலை தேடுவது என்றால் என்னவென்றே தெரியாது. விடியற்காலை பெரட்டு நடக்கும். ஆட்கள் எல்லாரும் ஆபீஸ் முன்னால் வரிசையாக நிற்பார்கள். எஸ்டேட் கிளார்க்கான கிராணி, ஆள்கணக்கு எழுதும் செக்ரோல் புத்தகத்தைத் திறந்து பெயர் கூப்பிடுவார். புத்தகத்தில் பெயர் இருந்தால் நீ வேலைக்காரன், இல்லாவிட்டால் சின்னப்பிள்ளை. நடுவில் ஒன்றும் கிடையாது.

எனக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாரத்தோடு படிப்பு நின்று, சில மாதம் பந்து உதைத்துக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் அப்பா என் கையைப் பிடித்துப் பெரட்டுக்கு இழுத்துப்போனார். இருட்டு விலகாத நேரம். எல்லாரும் நிற்கிறார்கள். நான் பார்த்துப் பார்த்து நின்ற பெண்பிள்ளைகளும் நிற்கிறார்கள். அப்பா உரக்கச் சொன்னார்:

"கிராணி ஐயா! இவன் சும்மா கெடக்கறான். சோறு மட்டும் மூணு தட்டு திங்கறான். ஒரு பேரு போட்டுக் குடுங்க!"

பெரட்டே சிரித்தது. வேலை வாங்கும் மண்டோர் சிரித்ததில் அவர் டார்ச் லைட் கீழே விழுந்தது. கிராணி மட்டும் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து என் பெயரை எழுதினார். அதன் பிறகு ஒரு வருஷம் எஸ்டேட்டில் என் பெயர் மூணு தட்டு.

அவமானம்தான். ஆனால் வேலை கிடைத்ததே! அன்றிலிருந்து என் மண்டையில் ஒன்று பதிந்துவிட்டது. பிள்ளைக்கு வேலை வேண்டுமென்றால் நாலு பேர் முன்னால் உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னால் யாராவது எழுதிக்கொள்வார்கள்.

ஒரு வீட்டில் இரண்டு சும்மா

எஸ்தர் செரண்டாவில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர் ஆபீசில் ஆறு வருஷம் இருந்தாள். அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தாள். ஒருநாள் அந்தத் தொழிற்சாலையைக் கழற்றி வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நிஜமாகவே கழற்றினார்கள், மெஷின்களுக்கு நம்பர் ஒட்டி லோரியில் ஏற்றும் வேலையைக் கடைசியாக இவள்தான் செய்தாள். பிறகு ஒரு மின்விசிறி, ஒரு ரைஸ் குக்கர், இரண்டு பெட்டி துணியோடு வீட்டுக்கு வந்தாள். வயது இருபத்தொன்பது.

வந்த முதல் வாரம் வீடு திருவிழா மாதிரி இருந்தது. என் மனைவி சாந்தி தினமும் நண்டு வாங்கச் சொன்னாள். இரண்டாவது வாரம் மீன். மூன்றாவது வாரம் நெத்திலி. ஒரு மாதம் கழித்து, "நேத்து கொழம்பு இருக்கு, சுட வச்சுக்கோ."

நானும் லோரி ஓட்டி ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறவன். ஆக, பகல் முழுவதும் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் சும்மா. ஆனால் நான் சும்மா இருந்தால் அதற்குப் பெயர் ஓய்வு. அவள் சும்மா இருந்தால் அதற்கு நான் வைத்த பெயர் வேறு. ஒரே சோபாவின் இரண்டு முனையில் உட்கார்ந்திருப்போம். இந்த முனையில் இருந்து நான் பெருமூச்சு விடுவேன்.

"அப்பா, மூச்சு விடுறதா இருந்தா சாதாரணமா விடுங்க."

"சாதாரணமாத்தான்மா விடுறேன்."

"இல்ல. அதுல 'பக்கத்து வீட்டுப் பையனுக்கு பேங்க்ல வேலை'ன்னு சத்தம் வருது."

உண்மைதான். அதை நினைத்துத்தான் விட்டிருப்பேன்.

வேலை விளம்பரம் உள்ள பத்திரிகைப் பக்கத்தை மடித்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பேன். "அப்பா, இது லோரி அட்டெண்டன்ட் வேலை," என்பாள். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து அவள் அறைக்கு வெளியே பாட்டுப் பாடி ஜெபிப்பேன். வழக்கமாகச் சமையலறையில் பாடுகிறவன், அந்த மாதங்களில் மட்டும் இடம் மாறினேன். அவள் எழும்புவதற்குப் பத்து மணி ஆகும். அது என் நெஞ்சில் முள்ளாக இருந்தது. பத்து மணிக்குள் நான் ஒரு வாழ்க்கை வாழ்ந்து முடித்திருப்பேன்.

கிராணி ஐயாவின் நோட்டு

எங்கள் தாமான் குடியிருப்பில் வாரம் ஒரு வீட்டில் ஜெபக் கூட்டம் நடக்கும். நடத்துகிறவர் தேவசகாயம் ஐயா. அன்று பெரட்டில் என் பெயரை எழுதிய அதே கிராணிதான். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. சட்டைப்பையில் இன்னமும் நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று, இரண்டு பேனா இருக்கும்.

ஜெப நோட்டை அவர் செக்ரோல் மாதிரியே வைத்திருக்கிறார். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு எண். எந்த வாரம் ஜெபித்தோமோ அந்த வாரக் கட்டத்தில் ஒரு கோடு. ஜெபத்துக்குப் பலன் கிடைத்தால், விண்ணப்பம் கொடுத்தவர் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். சொன்னால் சிவப்புக் கோடு போட்டு மூடுவார். அதுவரை அந்த விண்ணப்பம் வாரா வாரம் பெரட்டுக்கு நிற்கும். ஒருவருடைய முழங்கால் வலி மூன்று வருஷமாக நிற்கிறது.

நான் எழுந்து நின்று சொன்னேன். ஆண்டவர் சாட்சி, பாரத்தோடுதான் சொன்னேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. மகளுக்கு வேலை இல்லை, ஐந்து மாதமாக வீட்டில் இருக்கிறாள், பத்து மணிக்குத்தான் எழும்புகிறாள்.

"கல்யாணம் ஆச்சா?" என்று கேட்டார் ரோஸ்லின் அக்கா. ஜெபக் குழுவின் வாட்ஸ்அப்பைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான்.

"இல்லக்கா."

"அதையும் சேத்துருவோம். ஒரே வேலையாப் போயிரும்."

முகம் தெரிந்தால் பாரத்தோடு ஜெபிக்கலாம் என்று படம் கேட்டார். என் போனில் இருந்தது ஒன்றுதான். சொந்தக்காரர் கல்யாணத்தில் பிரியாணித் தட்டோடு வாய்கொள்ளாமல் சிரிக்கிற படம். கொடுத்தேன்.

மறுநாள் காலை வந்த செய்தி இதுதான்: "ஜெபக் குறிப்பு 14. சிஸ்டர் எஸ்தர், கோலசிலாங்கூர், வயது 29. வேலை போய் ஐந்து மாதம். காலை பத்து மணி வரை தூக்கம். சோம்பல் ஆவி விலகவும், நல்ல வேலை கிடைக்கவும், ஏற்ற துணை அமையவும் பாரத்தோடு ஜெபிக்கவும். மற்ற சபைகளுக்கும் அனுப்பவும்."

அதைப் படித்து நான் கும்பிடும் கைப் படம் மூன்று போட்டேன். சோம்பல் ஆவி என்று நான் சொல்லவில்லை. ஆனால் யாரோ என் மனசைப் படித்து எழுதிய மாதிரி இருந்ததால் சும்மா இருந்துவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

ஏழு மணிக்கு வேலை ஆரம்பம்

இன்டர்வியூ பாகான் நக்கோடா ஓமாரில், ஒரு மீன் கம்பெனி ஆபீசில். கடலோர ரோட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மோட்டார் ஓட்டிப் போயிருக்கிறாள். அங்கே நடந்ததை அவள் என்னிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னாள், நான் கதவுக்கு வெளியே நின்றேன்.

"மேனேஜரம்மா தமிழ்தான்மா. என்னைப் பாத்ததும் அப்படி ஒரு சிரிப்பு. சரி, வேலை கெடச்சிருச்சுலான்னு நெனச்சேன். போனை எடுத்து என் போட்டோவ என்கிட்டயே காட்டுறாங்க. அந்தப் பிரியாணி போட்டோ! 'எங்க சபையில மூணு வாரமா உங்களுக்காகத்தான் ஜெபிக்கிறோம் சிஸ்டர்'ங்குறாங்க. அப்புறம் கேக்குறாங்க, 'இப்ப நேரத்தோட எழும்புறீங்களா? இங்க ஏழு மணிக்கு வேலை ஆரம்பம்.'"

"நீ என்னா சொன்ன?"

"என்னா சொல்றது? செரண்டாவுல ஆறு வருஷம் ஆறரைக்குப் போய் நின்னேன்னு சொன்னேன். அவங்க தலைய ஆட்டிட்டு, கண்ண மூடி எனக்காக ஜெபம் பண்ணிட்டு, 'கூப்புடுறோம்'னு அனுப்பிட்டாங்க."

சாந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். நான் வெளியே நின்று பப்பாளித் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் எஸ்தர் அறையை விட்டு வந்தாள். நிதானமாகப் பேசினாள். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்பா, இனிமே என்னைப் பத்தி யார்கிட்டயும் பேசாதீங்க. கடவுள்கிட்டகூடப் பேசாதீங்க. அந்தப் பதினாலாம் நம்பர எடுங்க. இந்த மாசக் கடைசியில நான் ஜொகூருக்குப் போறேன். கூட வேலை செஞ்ச ப்ரெண்டு ரூம் இருக்கு."

"அட்ரஸ் குடுத்துட்டுப் போமா."

"எதுக்கு? அதையும் போட்டு ஃபார்வர்ட் பண்ணவா?"

அதோடு என்னிடம் பேச்சு நின்றது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் செய்தி வரும். "சோறு ரெடி." "டேங்கியில் தண்ணி இல்லை." நான் கும்பிடும் கை போட்டால், இரண்டு நீலக் கோடு விழும், பதில் வராது.

இன்னொன்றையும் சாந்தி அப்போதுதான் சொன்னாள். "என்னாங்க, அவ ஏன் பத்து மணிக்கு எழும்புறான்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா? எல்லா அப்ளிகேஷனும் போன்லதான் அனுப்பணும். பகல் பூரா நீங்க போன்ல பிரசங்கம் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. வீட்டு நெட் லைன் சுத்திக்கிட்டே நிக்குது. நீங்க படுத்த பெறகுதான் அவளுக்கு லைன் கெடைக்குது. விடியக்கால மூணு, நாலு ஆயிருது."

கையில் இருந்த போனை அணைத்தேன். அன்று பார்த்துக்கொண்டிருந்த பிரசங்கத்தின் தலைப்பே, பிள்ளைகளுக்கு வழிவிடும் பெற்றோர்.

ஜெபத்தை வாபஸ் வாங்குவது

கிராணி ஐயா வீட்டுக்குப் போனேன். அறுபத்து மூன்று வயதாகிவிட்டது. இருந்தாலும் அவர் முன்னால் போனால் இன்னமும் தொப்பியைக் கழற்றத்தான் கை போகிறது. தொப்பி போட்டிருக்கவில்லை, தலையைச் சொறிந்தேன்.

"ஐயா, பதினாலாம் நம்பர எடுத்துரணும்."

முகம் மலர்ந்தது. "வேலை கெடச்சிருச்சா? ஸ்தோத்திரம்! சாட்சி சொல்லு, மூடிருவோம்."

"வேலை கெடைக்கல ஐயா."

"அப்ப கல்யாணம்?"

"அதுவும் இல்ல. சும்மா எடுத்துருங்க. அவளுக்குப் புடிக்கல."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். முப்பது வருஷம் செக்ரோல் எழுதிய பார்வை அது. "சாமு, இது மேல போயிருச்சுப்பா. நடுவுல எப்படி வாபஸ் வாங்குறது? இது என்னா கோர்ட்டு கேஸா? நோட்டுல ரெண்டு வழிதான் இருக்கு. ஒண்ணு சாட்சி. இன்னொண்ணு, ஆள் எறந்து போகணும்."

"ஐயா!"

"ரூல் சொன்னேன்ப்பா."

திரும்பி வரும் வழியில் ஒரு யோசனை வந்தது. வேலை கிடைத்துவிட்டது என்று ஒரு சாட்சி சொல்லிவிட்டால் என்ன? மோட்டாரை ஓரம் கட்டி நிறுத்தி யோசித்தேன். பொய்ச்சாட்சி கூடாது என்பது கட்டளை. அதுவும் யாருக்கு எதிரிலோ இல்லை, ஆண்டவருக்கே எதிரில்! போதாததற்கு ரோஸ்லின் அக்கா அதையும் அனுப்பிவிடுவார். பாகான் நக்கோடா ஓமாரில் இருக்கிற மேனேஜரம்மா அதைப் படித்துவிட்டு, எந்தக் கம்பெனி என்று கேட்பார். வேண்டாம் என்று வண்டியைக் கிளப்பினேன்.

கெர்லிங்கில் இருந்து வந்த ஆரஞ்சு

இதற்குள் பதினாலாம் எண் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு சபையிலும் ஒருவர் அதைச் சுருக்கியும் கூட்டியும் எழுதியிருக்கிறார். கெர்லிங் போய்ச் சேர்ந்தபோது என் மகள் ஐந்து மாதமாகப் படுத்த படுக்கையாக இருந்தாள்.

ஒரு மத்தியானம் கெர்லிங்கில் இருந்து இரண்டு சகோதரிகள் பஸ் மாறி மாறி, சபை ஆட்களிடம் வழி கேட்டு எங்கள் வீட்டைத் தேடி வந்துவிட்டார்கள். கையில் ஒரு பை ஆரஞ்சு, ஒரு டின் பிஸ்கட். முகத்தில் அத்தனை துக்கம். கதவைத் திறந்தது எஸ்தர். அவளுடைய இப்போதைய முகத்தில் பிரியாணிச் சிரிப்பு இல்லாததால் அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

"சீக்காளி எங்கம்மா இருக்காங்க?"

எஸ்தருக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. "உள்ள படுத்திருக்காங்க சிஸ்டர். வாங்க," என்று என் அறையைக் காட்டினாள்.

எனக்கு மத்தியானம் இரண்டில் இருந்து நான்கு வரை தூக்கம். போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொள்வேன். திடீரென்று தலையில் இரண்டு கை, காலில் இரண்டு கை. மேலே ஒரு குரல்: "எழும்பு மகளே! படுக்கையை விட்டு எழும்பு!"

எழும்பினேன். எழும்பிய வேகத்தில் கட்டிலை விட்டுக் கீழேயே இறங்கிவிட்டேன். போர்வைக்குள்ளிருந்து வழுக்கைத் தலையும் மீசையுமாக ஒருவன் வந்ததைப் பார்த்து அந்தச் சகோதரிகள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் சமையலறையில் இருந்து ஒரு சத்தம் கேட்டது. எஸ்தர் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டச் சிரித்தாள். இரண்டு வாரமாக அவள் குரலையே கேட்காத எனக்கு, இடுப்பு வலி தெரியவில்லை. கீழே உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

வந்தவர்களுக்கு அவளே பாலில்லாத தேநீர், தே ஓ, கலக்கிக் கொடுத்தாள். பாவம், நல்ல மனுஷிகள். முகமே தெரியாத ஒரு பிள்ளைக்காக மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார்கள். போகும்போது எஸ்தர் அவர்களை மெயின் ரோடு வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். திரும்பி வந்தவள் என்னைக் கடந்து போனாள், முகத்தில் இன்னும் கொஞ்சம் சிரிப்பு ஒட்டியிருந்தது. ஏதாவது பேசுவாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். பேசவில்லை. அறைக்குப் போய்ப் பெட்டியில் துணி அடுக்கினாள்.

எங்கள் வீட்டு முறை

மாதக் கடைசி வாரம் ஜெபக் கூட்டம் எங்கள் வீட்டு முறை. அவள் கிளம்ப இரண்டே நாள் இருந்தது. பெட்டி கதவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. வந்தவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாரும் பார்த்தார்கள்.

எஸ்தர் சமையலறையில் அம்மாவோடு கிழங்கு மசாலா வைத்த கறிபாப் பொரித்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்தது. கிராணி ஐயா நோட்டைத் திறந்தார். "எண் பதினாலு. சிஸ்டர் எஸ்தர்."

நான் எழுந்தேன். பெரட்டில் நின்ற பதினாறு வயதுப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டேன்.

"ஐயா, போன மாசம் நான் பாதி உண்மைதான் சொன்னேன். என் மக பத்து மணிக்கு எழும்புறது உண்மை. பகல் பூரா நான் போன்ல பிரசங்கம் கேட்டுக்கிட்டு லைனை அடைச்சு வச்சிருந்தேன். நான் தூங்குன பெறகுதான் அவ ஒக்காந்து வேலைக்கு எழுதிப் போட்டா, விடிய விடிய. அது எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் இல்ல. சோம்பல் ஆவின்னு போட்டிருந்துச்சு. அது அவகிட்ட இல்ல. மத்தியானம் ரெண்டுலேருந்து நாலு வரைக்கும் என்கிட்டதான் இருக்கு. கெர்லிங் சிஸ்டருங்க வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க."

யாரோ களுக்கென்று சிரித்து, இருமலாக மாற்றினார்கள். எண்ணெயில் கறிபாப் பொரிகிற சத்தம் நின்றுபோனது.

கிராணி ஐயா பேனாவைத் தூக்கினார். "அப்ப மூடலாமா, கூடாதா?"

"வேலை கெடைக்கல, மூடாதீங்க. பேரை மட்டும் எடுத்துருங்க."

"பேரு இல்லாம எப்படிப்பா நிக்கும்? முப்பது வருஷத்துல பேரு இல்லாம ஒரு ஆளு என் புத்தகத்துல நின்னதில்ல."

"யாருன்னு ஆண்டவருக்குத் தெரியாதா கிராணி ஐயா?" என்றார் ரோஸ்லின் அக்கா. சொல்லிவிட்டுத் தன் போனை எடுத்துப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடினார். அதற்கு அவருக்கு எவ்வளவு மனசு வேண்டியிருந்திருக்கும் என்று அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

கிராணி ஐயா வெகுநேரம் யோசித்தார். பிறகு சின்ன ரூலர் ஒன்றை எடுத்து வைத்து, பெயரின் மேல் மட்டும் சிவப்புக் கோடு போட்டார்.

"இன்னொண்ணு எழுதுங்க ஐயா," என்றேன். "புதுசு. என் வாய்."

"வாயில என்னா? புண்ணா?"

"புண்ணு இல்ல. அடங்கல."

எழுதினார். புது விண்ணப்பம் எழுதினால், அங்கேயே ஒருவர் அதற்காக வாய்விட்டு ஜெபிக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். "யாரு பண்றீங்க?" என்று சுற்றிப் பார்த்தார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

சமையலறைத் திரை விலகியது. கையில் எண்ணெய்க் கரண்டியோடு எஸ்தர்.

"நான் பண்றேன்," என்றாள்.

எல்லாரும் கண்ணை மூடினோம். நான் இறுக்கி மூடினேன்.

"ஆண்டவரே, எங்க அப்பா சாமுவேலுக்காக வேண்டிக்கிறேன். வயசு அறுபத்து மூணு. இனிப்புநீர் இருக்கு. அது தெரிஞ்சும் அலமாரிக்குப் பின்னால மைசூர்பாகு ஒளிச்சு வச்சிருக்காரு."

"என்னாங்க!" என்றாள் சாந்தி, கண்ணை மூடியபடியே.

"கிளினிக்குக்குப் போறேன்னு சொல்லிட்டு ரொட்டிச்சானாய்க் கடைக்குப் போறாரு. பெருமூச்சு விட்டா எதிர் வீட்டுக்குக் கேக்குது. காலையில அஞ்சு மணிக்கு என் ரூம் வாசல்ல நின்னு பாடுறாரு, சுருதி இல்ல. ஆண்டவரே, அவரோட வாய நீங்கதான் பாத்துக்கணும்."

ஒவ்வொரு வரிக்கும் கிராணி ஐயா "ஆமென்" சொன்னார். மற்றவர்களும் சொன்னார்கள். என் வாழ்நாளில் அத்தனை உற்சாகமான ஆமெனை நான் கேட்டதில்லை. இதுதான் எனக்குச் சரியான கூலி என்று தலையைக் குனிந்து நின்றேன்.

கரண்டியில் இருந்து எண்ணெய் சொட்டுவது கேட்டது.

"அவருக்கு என்னை நெனச்சுப் பயம் ஆண்டவரே. என்னாகுமோன்னு பயம். எனக்கும் அதே பயம்தான். அது அவருக்குத் தெரியாது. ஆமென்."

இந்த ஆமெனை உடனே யாரும் திருப்பிச் சொல்லவில்லை. நான்தான் முதலில் சொன்னேன்.

கோப்பை துடைக்கும்போது

எல்லாரும் போன பிறகு, எஸ்தர் கோப்பைகளைக் கழுவினாள். நான் பக்கத்தில் போய்த் துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டேன். நான்கு கோப்பை துடைத்து அடுக்கினேன்.

"வியாழக்கிழமை தஞ்சோங் காராங்ல ஒரு இன்டர்வியூ இருக்கு," என்றாள், குழாயைப் பார்த்துக்கொண்டு.

ஜொகூர் பஸ் புதன்கிழமை. நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். "அப்ப ஜொகூர்?"

"அதான் இன்டர்வியூ இருக்குன்னு சொல்றேன்ல."

இன்னொரு கோப்பையைத் துடைத்தேன். முன்பே துடைத்த கோப்பை அது.

"எந்தக் கம்பெனி, என்னான்னு நான் கேக்க மாட்டேன்மா. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"ம்."

"ஆண்டவர்கிட்ட மட்டும்… சொல்லலாமா?"

குழாயை மூடிவிட்டு யோசித்தாள். வேலை கொடுக்கிற முதலாளி மாதிரி யோசித்தாள்.

"சொல்லுங்க. ஆனா வாயத் தொறக்காம சொல்லணும்."

எங்கள் சபையில் யாரும் அப்படி ஜெபித்துப் பழக்கமில்லை. நாங்கள் உரக்கக் கூப்பிட்டே வளர்ந்தவர்கள். வியாழக்கிழமை காலை ஐந்து மணிக்குச் சமையலறையில் முழங்காலில் நின்றேன். வார்த்தை எல்லாம் பல்லுக்குப் பின்னால் வந்து முட்டிக்கொண்டு நின்றது. கன்னம் உப்பியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, ஒரு எழுத்து வெளியே விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆறு மணிக்கு எஸ்தர் குளிக்கிற சத்தம் கேட்டது. பிறகு மோட்டார் சத்தம், கேட் சத்தம். அதுவரைக்கும் நான் எழும்பவில்லை.

தண்ணீர் குடிக்க வந்த சாந்தி விளக்கைப் போட்டாள்.

"என்னாங்க, பல்லு வலியா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.